வெறுங்கல்லில் வந்த தங்கம்

1

பெர்த் நகரத்துக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருடம். "ஒரு கேக் வாங்கலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வாங்கினோம், தின்றோம். மகள் நிலா, "இதுக்கெல்லாமா கொண்டாடுவாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள். பதினான்கு வருடத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அதில் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன், என் பக்கம் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தாலும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் பூமிக்கடியில் தங்கம் இருக்கிறது என்று ஒரு கம்பெனி சொல்கிறது என்று வையுங்கள். அதை நம்பி ஊரார் பணம் போடுவதற்கு முன்னால், அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். துளை போட்டு எடுத்த கல்லைப் பார்த்து, தானே சில மாதிரிகளை எடுத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி, கம்பெனி சொல்வது சரிதானா என்று தன் பெயரைப் போட்டு அறிக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஆள் நான்.

ஊருக்குப் போனபோது அல்லிநகரத்தில் எங்கள் சித்தியிடம் இதை அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம பேங்குல நகைய உரசிப் பாத்துச் சொல்றாகளே, அந்த வேலையா?" என்றார். ஆமாம் சித்தி என்று சொல்லிவிட்டேன். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கம்பெனியில் எனக்குப் பங்கு இல்லை, சொந்தக்காரர் யாரும் இல்லை, என் கூலியைத் தவிர இந்த அறிக்கையால் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று. மற்றவர்கள் அதைப் படிக்காமலே கிறுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஊரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதுவரை, "அங்க நமக்குத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காகளா?" என்று தேடித்தான் நான் வளர்ந்தேன். இங்கே, யாருக்கும் வேண்டப்பட்டவள் இல்லை என்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்லும்போதெல்லாம் அந்தப் படிவம் நினைவுக்கு வரும்.

2

போன வருடம் நிலாவுக்குக் காதுகுத்த ஊருக்குப் போனோம். ஒன்பது வயதில் காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் சிரிப்பார்கள். ஒரு வருடம் டிக்கெட் கிடைக்கவில்லை, ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை, இப்படியே தள்ளிப்போய்விட்டது. ஓடைப்பட்டிக்கு அந்தப் பக்கம், திராட்சைப் பந்தல்களைத் தாண்டி எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் அண்ணன் மடியில் நிலா உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்றி நிற்கிறது. அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது.

ஆசாரி கம்பியோடு குனிந்தபோது நிலா தன் ஓட்டைத் தமிழில் உரக்கச் சொன்னாள்: "மாமா, என்னைக் கேக்காம குத்தக்கூடாது."

கூட்டமே சிரித்தது. எனக்கு முகம் வெளிறிப்போனது. வளர்த்த லட்சணத்தைப் பார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். அண்ணன் சிரிக்கவில்லை. ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நியாயந்தான். குத்தட்டுமா தாயி?" என்று கேட்டார்.

நிலா யோசித்தாள். "மொதல்ல ஒண்ணு மட்டும். வலிச்சா அடுத்தது நாளைக்கு" என்றாள். வலித்தது. ஆனாலும் இன்னொரு காதையும் அன்றைக்கே காட்டினாள். மாமன் கேட்ட மரியாதைக்காக என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இந்தப் பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நான் அடிக்கடி புலம்புவேன். அன்றைக்குப் புலம்பவில்லை.

சீர்த்தட்டில் எனக்கும் ஒரு மோதிரம் வைத்திருந்தார் அண்ணன். கல் வைக்காத தனித்தங்கம், மேலே நான்கு தாமரை இதழ். அவரே என் இடது கை விரலில் போட்டுவிட்டார். "பெறந்த வீட்டுச் சீரு ஆத்தா. கையிலயே கெடக்கட்டும்" என்றார். கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் அண்ணன் போட்ட மோதிரத்தை அளவு சரியில்லை என்று சபையில் கழற்றிக் கொடுக்க எந்தத் தங்கச்சிக்கு மனசு வரும்?

3

ஊரிலிருந்து திரும்பிய நான்காம் நாள் ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனியின் இடத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. சின்னக் கம்பெனி. பெர்த்திலிருந்து குட்டி விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் செம்மண் பாதையில் காரில் இரண்டு மணி நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற ஊரில் பிறந்தவளுக்கு அது இன்றுவரை பழகவில்லை.

துளை போட்டு எடுத்த கல்லை நீளமான உருளைகளாகப் பெட்டிகளில் அடுக்கி, ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். அதை ரம்பத்தில் நெடுக்காக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைச் சாட்சிக்கு வைத்திருப்பார்கள். நான் போய் அந்தச் சாட்சிப் பாதியிலிருந்து மறுபடி மாதிரி எடுப்பேன். நடுநடுவே தங்கமே இல்லாத வெறுங்கல்லையும் நானே கொண்டுபோய்ப் பையில் போட்டு, ஆய்வகத்துக்குச் சொல்லாமல் கலந்துவிடுவேன். வெறுங்கல்லில் தங்கம் வந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தொழிலில் ஒரு டன் கல்லுக்கு ஒரு கிராம் தங்கம் என்றாலே நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் மாதிரி எடுக்கும் இடத்தில் யாரும் தங்க நகை போடக்கூடாது. நான் தாலிச் சங்கிலியைக்கூட வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இது என் மாமியாருக்கு இன்னும் தெரியாது, இதைப் படிக்கிறவர்கள் சொல்ல வேண்டாம். கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லாரையும் கையை நீட்டிக் காட்டச் சொன்னேன்.

அண்ணன் போட்ட மோதிரம் மட்டும் வரவில்லை. விமானத்தில் விரல் வீங்கியிருந்தது. சோப்பு போட்டும் பார்த்தேன், எண்ணெய் போட்டும் பார்த்தேன். கடைசியில் அதன்மேல் பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

ரம்பம் ஓட்டுபவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். என் பெயரைக் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நான் மேகமலை, மேடம். எஸ்டேட்டு லைன் வீட்டுல பொறந்தவன். பேரு செல்லத்துரை" என்றார். மலையிறங்கி எங்கள் பக்கம் வந்து கிரானைட் பட்டறையில் இருபது வருடம் கல் அறுத்தவராம். மகள் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து குடியேறி, அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டிருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.

உலகத்தின் ஒரு கோடியில் சின்னமனூர்ப் பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பயந்துபோனேன். சொந்தக்காரர் உண்டா என்று கேட்கிற படிவத்தில் ஊர்க்காரர் உண்டா என்று கேட்கிற கட்டம் கிடையாது. இருந்தாலும், ஒரே ஊர்க்காரர்கள் என்று யாராவது பேச்சைக் கிளப்பிவிட்டால்? அவர் மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, "ஒரு வாய் சாப்பிடுங்க, கத்திரிக்காப் புளிக்கொழம்பு" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரில் போய் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்றேன்.

காலையில் கம்பெனியின் புவியியலாளர் ஒரு பெண் என்னுடன் இருந்தார். மதியத்துக்கு மேல் செல்லத்துரை அண்ணன் மட்டும்தான். ஈரக் கல்லை எடுத்து எடுத்துப் பையில் போடும் வேலை. ஒரு சமயம் என் கையைப் பார்த்து, "புது மோதிரமா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா. மக காதுகுத்துக்கு எங்க அண்ணன் போட்டது" என்றேன், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார்.

4

முடிவுகள் மூன்று வாரத்தில் வந்தன. நான் போட்ட வெறுங்கல் மாதிரிகள் நான்கு. காலையில் போட்டது சுத்தம். மதியத்துக்கு மேல் போட்ட மூன்றிலும் தங்கம்.

ஆய்வகம் தன் பக்கம் எல்லாம் சரி என்று ஆதாரத்தோடு காட்டியது. அப்படியென்றால் கொட்டகையில்தான் கலந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் என்னைத் தவிர கல்லைத் தொட்டவர் யார்? செல்லத்துரை அண்ணன். தங்கம் அதிகமுள்ள கல்லை அறுத்துவிட்டு, ரம்பத்தையும் கையுறையையும் கழுவாமல் அடுத்த கல்லைத் தொட்டிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன்.

வேறு யாராவது ஆளாக இருந்திருந்தால் முதலில் போனில் கேட்டிருப்பேன். மறுபடி சோதிக்கச் சொல்லியிருப்பேன். அவர் என் ஊர்க்காரர் என்பதால், தயவு காட்டிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். "கொட்டகையில் ரம்பம் ஓட்டுபவரின் கவனக்குறைவால் மாதிரிகள் மாசுபட்டிருக்கலாம். விசாரணை முடியும்வரை அவரை மாதிரிகளைத் தொடவிடக் கூடாது" என்று. கடிதத்தோடு நான் எடுத்த புகைப்படங்களையும் இணைத்தேன். எழுதி முடித்தபோது, எவ்வளவு நேர்மையான ஆள் நான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

5

ஒரு சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த காதுகுத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிலா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மாமா குடுத்த பூவுல ஒரு பெட்டல் காணோம்."

"இதழ்னு சொல்லு" என்று திருத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன். நான்கு இதழில் ஒன்று வழித்துவிட்டதுபோல் மழுங்கியிருந்தது. உள்ளங்கைப் பக்கமாக, வளையத்தில் நுணுக்கமான கீறல்கள்.

கணினியைத் திறந்து கொட்டகையில் எடுத்த புகைப்படங்களை வரிசையாகப் பார்த்தேன். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் என் இடது கையை வைத்து எடுத்திருந்தேன். காலைப் படங்களில் விரலில் பிளாஸ்திரி. மதியப் படங்களில் பிளாஸ்திரி இல்லை. தண்ணீரில் ஊறி எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. மோதிரம் பளபளவென்று மின்னுகிறது. கம்பெனிக்கு நான் அனுப்பிய கடிதத்தோடு அந்தப் படமும் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

வெறுங்கல் கொஞ்சம் வீட்டில் மிச்சம் இருந்தது. நம் பக்கம் வெங்கச்சங்கல் என்போமே, அந்த வெள்ளைக் கல். ஒன்றை எடுத்து மோதிரத்தை உரசினேன். மஞ்சளாக ஒரு கோடு. இங்கே விற்கிற நகைகளில் செம்பும் வெள்ளியும் நிறையக் கலந்து கெட்டியாக இருக்கும். நம் ஊர்த் தங்கம் மென்மையானது, உரசினால் ஒட்டும். பேங்கில் நகையை உரசிப் பார்க்கிறவர் செய்வதைத்தான் நான் ஒரு மத்தியானம் பூராவும் செய்திருக்கிறேன்.

6

திங்கட்கிழமை என் மேலாளர் மார்கரெட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்திடும் தகுதியே போய்விடுமோ என்றும் கேட்டேன். அந்த அம்மா என் மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "இன்றைக்கே கம்பெனிக்கு எழுது. பிறகு நிரூபித்துக் காட்டு" என்றார். அவர் கண்முன்னாலேயே மோதிரத்தோடு கொஞ்சம் வெறுங்கல்லையும், மோதிரம் இல்லாமல் கொஞ்சத்தையும் கையாண்டு, தனித்தனிப் பையில் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மோதிரம் பட்டதில் தங்கம் வந்தது. படாததில் இல்லை. மறுபடி போய் மாதிரி எடுக்கிற செலவையும் எங்கள் நிறுவனமே ஏற்றது. தப்பைச் சொன்னவளை மூலையில் உட்கார வைக்காத ஓர் இடத்தில் எனக்குப் பிழைப்பு அமைந்ததை நான் எந்நாளும் மறக்க மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை இரவே அண்ணனுக்குப் போன் செய்தேன். மோதிரம் தேய்ந்துபோனதைச் சொன்னால் வருத்தப்படுவார் என்று, செல்லத்துரை அண்ணன் கதையில் தொடங்கிச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் மோதிரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்த மனுசன் என்ன ஆனாரு?"

"ரம்பத்துலருந்து எடுத்துட்டாங்களாம். கொட்டகை முத்தத்தக் கூட்டச் சொல்லிருக்காங்களாம். இப்ப கம்பெனிக்கு எழுதிட்டேன்ணே, தப்பு என்னோடதுன்னு."

"கம்பெனிக்கு எழுதிட்ட. அவருகிட்ட என்னத்தச் சொன்ன?"

நிலாவின் காது ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றப் பார்த்தேன், அண்ணன் விடவில்லை.

"ஒம் மக ஒம்பது வயசுப் பிள்ள. தன்னையக் கேக்காமச் செய்யாதேன்னு சபையில சொல்லுச்சு. நீ ஒரு வார்த்த அவரக் கேட்டியா? நேருல போயி நில்லு ஆத்தா. மெயிலு கியிலெல்லாம் வேணாம்."

அண்ணன் என்னைக் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

7

மறுபடி போனபோது செல்லத்துரை அண்ணன் கொட்டகைக்கு வெளியே உடைந்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி அவரை மறுபடி ரம்பத்துக்கு வரச் சொல்லியிருந்தது. "சேம்பிள் எடுக்க வர்ற மேடம் வந்து சொல்லட்டும்" என்று அவர் உள்ளே போகவில்லையாம்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "பிளாஸ்திரி விழுந்தத நான் பாத்தேன் தாயி. சொல்லத்தான் வாயெடுத்தேன். அண்ணன் போட்டதுன்னு சொன்னீக. பெறந்த வீட்டுச் சீர கழட்டுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. அதுவும் தப்புத்தான். இங்கனப் பொறந்த ஆளா இருந்தா யோசிக்காமச் சொல்லிருப்பான்."

"பெறகாச்சும் சொல்லிருக்கலாமே அண்ணே. ஒங்க மேல எழுதினப்ப?"

"பெறகு சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னு அதையும் எழுதுவீக. சோறு திங்காம கார்ல போயி உக்காந்தீக பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்தப் பிள்ள நம்மளப் பாத்துப் பயப்படுதுன்னு." சிரித்தார். "எம் மகதான் ரெண்டு நாளு சாப்புடல. எங்கப்பா கல்லத் தொடக்கூடாதுன்னு எழுதிட்டாகளேன்னு."

அதைக் கேட்டபோது நான் தலை குனிந்தேன். நான் எழுதிய ஒரு வரி யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் இரண்டு நாள் சோற்றை நிறுத்தியிருக்கிறது.

கம்பெனி மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர்தான். "புது மாதிரிகள் சரியாக வந்துவிட்டால் போதும். பழைய கதையை அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டுமா? படிக்கிறவர்கள் குழம்புவார்கள்" என்றார். எனக்கும் அது வசதியான யோசனைதான். "எழுதித்தான் ஆக வேண்டும்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அந்தப் பத்தியை முன்பே எழுதி மடிக்கணினியில் வைத்திருந்தேன். செல்லத்துரை அண்ணனை உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் முறை எடுத்த மாதிரிகளில் கலந்த தங்கம் மதிப்பாய்வாளரின், அதாவது என், மோதிரத்திலிருந்து வந்தது. கொட்டகையில் ரம்பம் ஓட்டுபவர் மீது சொன்ன குறை தவறு. அவருடைய வேலைமுறையில் எந்தக் குறையும் இல்லை.

அவர் முழுவதையும் கேட்டார். "இதுல எம் பேரு எங்கன இருக்கு?"

"ரிப்போர்ட்ல வேலை பாக்குறவங்க பேரு போடுற வழக்கம் இல்லண்ணே."

"வழக்கம் இல்லதான். குத்தம் சொன்னப்பயும் பேரு போடல, ரம்பம் ஓட்டுற ஆளுன்னுதான் போட்டீக. இந்தக் கொட்டகையில ரம்பம் ஓட்டுறது நான் ஒருத்தன்தான். அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. எம் மக ஆஸ்பத்திரி வரைக்கும் தெரிஞ்சிருச்சு." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "இது எம் மக படிக்கணும் தாயி. பேரு வேணும்."

மார்கரெட்டுக்குப் போன் செய்தேன். "அவர் கேட்டால் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து, ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் எழுத்து எழுத்தாக அடித்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தச் சொன்னார், திருத்தினேன்.

பிறகு எழுந்து உள்ளே போய், கையைக் கழுவிக்கொண்டு ரம்பத்தை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியாது. நான் மோதிரம் இல்லாத வெறும் கையோடு போய் முதல் கல்லை எடுத்துக் கொடுத்தேன்.